மூலப்பத்திரம் தேடிச் செஞ்சிக்கு

முதல் நாள், புதன் இரவு, கடலூர் புதுப்பாளையம்

நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு 28 வருஷமாகிறது. கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று எது வந்தாலும் என் கண் முதலில் போவது செக்குபந்திக்குத்தான். கிழக்கே இன்னார் மனை, மேற்கே வாய்க்கால், வடக்கே பொதுவழி என்று நாலு எல்லையும் சுத்தமாக இல்லாத பத்திரம் என்றைக்கிருந்தாலும் கோர்ட்டு வாசலை மிதிக்கும்.

போன ஐப்பசியில் குண்டு உப்பலவாடியிலிருந்து ஒரு பெரியவர் பேரன் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுத வந்தார். கூடவே வந்த அந்தப் பேரன் சும்மா இல்லாமல், "எங்க ஊர்ப் பேர்ல குண்டு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டான். "யாராவது குண்டா இருந்திருப்பாங்க" என்று சிரித்துச் சமாளித்தேன். ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். அவன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறான். கோட்டை, கல்வெட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். "பீரங்கிக் குண்டுக்கா அது. நீ எழுதற பத்திரத்துக்கெல்லாம் தாத்தா பத்திரம் அங்கதான் இருக்கு" என்றான்.

சமாசாரம் இதுதான். 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. விற்றவர்கள் மராட்டியர்கள். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எதுவரைக்கும்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும். சுட்டார்கள், விழுந்தது, அதற்குள் அடங்கிய கிராமமெல்லாம் கம்பெனிக்குப் போனது. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் குண்டு விழுந்த இடம். இப்படி ஒரு செக்குபந்தியை என்னிடம் கொண்டுவந்திருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன்.

அப்போது மதராஸ் கவர்னர் எலிஹு யேல். பிற்பாடு அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நன்கொடை கொடுத்து, அது யேல் பல்கலைக்கழகம் என்று அவர் பெயரிலேயே நிற்கிறது. எங்கள் ஊர்க் கோட்டை செயின்ட் டேவிட் ஆனது.

சாயங்காலம் தம்பி காரோடு வந்துவிட்டான். வெளிச்சம் இருக்கும்போதே தேவனாம்பட்டினம் போனோம். பீச்சுக்குப் போகிறவர்கள் நூறு பேர், கோட்டை எங்கே என்று கேட்கிறவர் ஒருவருமில்லை. கெடிலம் கடலில் சேர்கிற பக்கம் முள்ளும் புதருமாகக் கொஞ்சம் செங்கல் சுவர். 1746க்குப் பிறகு சில வருஷங்கள் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களுக்குத் தலைமையிடமே இதுதான். ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்திருக்கிறார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து, தரைமட்டமாக்கிவிட்டார். ஆடு ஒன்று சுவர் மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தது.

"வித்தவன் எங்க இருந்துடா கையெழுத்துப் போட்டான்?" என்று கேட்டேன்.

"செஞ்சியில. ராஜாராம் அப்ப அங்கதான் இருந்தாரு. சிவாஜியோட மவன்."

அதனால்தான் நாளைக்குச் செஞ்சி. புளியோதரை கிளறி வைத்தாயிற்று. முழங்கால் தைலமும் பையில் இருக்கிறது.


இரண்டாம் நாள், வியாழன் இரவு, செஞ்சி

கரும்பு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நெல்லிக்குப்பம் தாண்டவே முக்கால் மணி. பண்ருட்டியில் டீ. விழுப்புரம் தாண்டி வடக்கே திரும்பியதும் ரோட்டோரமெல்லாம் சம்பா அறுப்பு. வைக்கோலை உருட்டி உருட்டிப் போட்டிருந்தார்கள்.

வழியில் மண்டகப்பட்டில் இறங்கினது என் பிடிவாதம். தம்பி, "நேரமாயிடும்க்கா" என்றான். ஒரு பாறை, அதைக் குடைந்து மூன்று அறை, வாசலில் தடித்த இரண்டு காவலர்கள். அவ்வளவுதான் கோயில். உள்ளே சாமி இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டியது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் அவனே சொல்கிறான். எனக்கு அந்த வாசகம் பிடித்துப்போனது. இன்னின்னது சேர்க்கவில்லை என்று சொல்லியே ஒரு கட்டடத்தை அடையாளம் காட்டுவது நல்ல பத்திரக்காரன் வேலை.

அங்கே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டதில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. செஞ்சிக் கோட்டை வாசலுக்கு வந்தபோது மணி மூன்றேகால். "மேல ஏற இன்னிக்கு முடியாதும்மா, கீழ பாத்துக்குங்க" என்று டிக்கெட் கொடுத்தவர் சொல்லிவிட்டார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பார்த்த பார்வை போதும்.

நல்லதாகத்தான் போனது. மேலே ஏறுகிற அவசரம் இருந்திருந்தால் கீழே உள்ளதை ஓடிக்கொண்டே பார்த்திருப்போம்.

செஞ்சி என்றால் ஒரு மலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்று மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து முக்கோணமாகச் சுவர் ஓடுகிறது. திருவண்ணாமலை போகிற பஸ் அந்த முக்கோணத்துக்குள்ளேதான் புகுந்து போகிறது. எத்தனை தரம் தீபத்துக்குப் போயிருக்கிறேன், ஒரு தரமாவது தலையைத் தூக்கிப் பார்த்தேனா? இந்த மலைகளே வேறு தினுசு. மண் மலை இல்லை. யாரோ லாரி லாரியாக உருண்டைப் பாறை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பாறைக்கும் பாறைக்கும் நடுவே சந்து இருக்கிற இடத்தில் மட்டும் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள். பாதிக் கோட்டையை மலையே கட்டிக் கொடுத்துவிட்டது.

முதலில் கட்டியது ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் என்பது இங்குள்ள வழக்கு. பிறகு விஜயநகரத்துக்குக் கீழே நாயக்கர்கள் வந்தார்கள். இன்று நாம் அரண்மனை, கோயில், களஞ்சியம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு அவர்கள் காலத்தது. 1649இல் பிஜப்பூர் சுல்தான் படை. 1677இல் சிவாஜி. 1698இல் ஔரங்கசீப்பின் படை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள். 1761இல் ஆங்கிலேயர்கள். 1780இல் ஹைதர் அலி கொஞ்ச நாள். ஒரே சொத்துக்கு இத்தனை பேர் மாறி மாறி அனுபோகம் என்றால் வில்லங்கச் சான்று எத்தனை பக்கம் வரும் என்று யோசித்துப் பார்த்தேன்.

கல்யாண மஹால் எல்லோரும் படம் எடுக்கிற கட்டடம். சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவே அடுக்கடுக்காக மேலே போய்க் கூம்பாக முடிகிற கோபுரம். எட்டு நிலை. ஒவ்வொரு நிலையும் ஒரே ஓர் அறை, சுற்றி நடை, அவ்வளவுதான். ராணிகள் இருந்தது என்கிறார்கள். கோட்டைக்கு வெளியே உள்ள குளத்திலிருந்து மண் குழாய் பதித்து, மேல் மாடிக்கெல்லாம் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. காரணம், இன்றைக்கு நாங்கள் தங்கியிருக்கிற லாட்ஜில் இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. பக்கெட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அரசர் இருந்த அரண்மனை என்று தேடினால் கட்டடம் இல்லை. தொல்லியல் துறை தோண்டி எடுத்த அடித்தளம்தான் வரிவரியாகத் தெரிகிறது. கொலு மண்டபம் இருந்த இடத்தில் ஒரு கல் மேடை, சாய்ந்துகொள்ள அதிலேயே கல் திண்டு. திண்டின் ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. தேய்த்தது ராஜாவின் முதுகா, இந்த ஊர்ப் பிள்ளைகள் சறுக்கு விளையாடியதா, யார் கண்டது. நான் உட்கார்ந்து பார்க்கலாமா என்று நினைத்து, காவலாளியைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டேன்.

களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் வௌவால் நாற்றம் மூக்கைப் பிடிக்க வைத்தது. சுவர் ஒரு ஆள் படுத்தால் நீளம் சரியாக இருக்கும், அவ்வளவு கனம். தம்பி உள்ளே நின்று "அக்கா" என்றான். நாலு அக்கா கேட்டது. இந்த ஊர் வருஷக்கணக்கில் முற்றுகையைத் தாங்கியது இங்கே கொட்டி வைத்த நெல்லால்தான். பக்கத்தில் உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம், ஆனைக்குளம். ஆனைக்குளத்தில் இப்போது பாசி.

வெளியே வரும்போது தம்பி ஒரு வாசலைக் காட்டி, "இதுக்குப் பேர் என்ன தெரியுமா? புதுச்சேரி வாசல்" என்றான். கிழக்குப் பார்த்த வாசல். எங்கள் பக்கம் பார்த்த வாசல். அங்கேயே சிறைச்சாலை வைத்திருக்கிறார்கள். "ஊருக்குப் போற வாசல்ல ஜெயிலா" என்று சிரித்தோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் அவித்த மல்லாட்டை வாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தோலெல்லாம் படுக்கையில்.


மூன்றாம் நாள், வெள்ளி இரவு, செஞ்சி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். களஞ்சியச் சுவர் ஆள் நீளம் என்றேன். இன்று திரும்பவும் போய்ப் பார்த்தோம். தம்பி படுத்தே பார்த்துவிட்டான். கால் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அவன் உயரமும் ஒரு காரணம்.

காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக 25 ரூபாய் டிக்கெட் வாங்கி ராஜகிரி ஏற ஆரம்பித்தோம். தரையிலிருந்து கிட்டத்தட்ட 800 அடி. படி ஆயிரத்துக்கு மேல். எண்ணிக்கொண்டே போனேன், 340இல் ஒரு குரங்கு வந்து கணக்கைக் கெடுத்தது. என் கையிலிருந்த துணிப்பையை ஒரு இழு இழுத்தது பாருங்கள், பை கிழிந்து தைல பாட்டில் உருண்டு படியில் உடைந்தது. குரங்கு அதை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் அந்த இடம் முழுக்க யூகலிப்டஸ் வாடை. எனக்குப் பின்னால் வந்த ஸ்கூல் பிள்ளைகள், "மூலிகை மலைடா இது" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன். கோட்டைக்கும் முந்திய தெய்வம் என்கிறார்கள். இந்த மலைக்கே முன்பு கமலகிரி என்றுதான் பேர். ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள், குத்தகைதாரர்கள் மாதிரி. நிலத்துக்காரி இவள்தான். வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டு பெண்கள் பொங்கல் பானையோடு வந்திருந்தார்கள், வெறுங்காலில். நான் கான்வாஸ் ஷூ போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். "கடலூர்" என்றதும், "அய்ய, அம்மாந்தூரத்துல இருந்தா" என்று கையில் சூடாக ஒரு உருண்டை வைத்தார்கள். பச்சைக் கற்பூரம் கொஞ்சம் கூடுதல். நன்றாகவே இருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தப் பிளவுக்கு மேலே ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலம், வேண்டாதவன் வந்தால் இழுத்துக்கொள்ளலாம். எதிரி ஏழு வாசலையும் உடைத்துக்கொண்டு இத்தனை படி ஏறி வந்தாலும், கடைசியில் இந்த 24 அடிக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடிக்க வேண்டியதுதான். அந்தப் பக்கம் பத்துப் பேர் இருந்தால் போதும், ஒரு படையை நிறுத்தலாம் என்று எனக்கே தோன்றியது. நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். அடியில் தண்ணீர் பாட்டில்கள். நம் காலத்து அம்புகள்.

ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டைக்காக ஏழு வருஷத்துக்கு மேல் கீழே கூடாரம் அடித்துக் கிடந்தார். மேலே ராஜாராம். மராட்டியர்களின் தலைநகர் ராய்கட் கைவிட்டுப் போய், 1689 கடைசியில் இங்கே ஓடி வந்து, செஞ்சியையே மராட்டியர்களுக்குத் தலைநகராக்கிக்கொண்டார். அதாவது எங்கள் தேவனாம்பட்டினத்தை விற்ற நேரத்தில் விற்றவர் தலைக்கு மேலே கத்தி. நிதானமாக விலை பேசுகிற நிலைமையில் அவர் இல்லை. கஷ்டத்தில் விற்கிறவனின் பத்திரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மேசைக்கு மாதம் நாலு அப்படி வரும். கைமாற்றுக் கடன், பெண் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு. வாங்குகிறவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். விற்கிறவர் எல்லையைக்கூடச் சரியாகப் படித்துப் பார்க்கமாட்டார், "எழுதிடுங்கம்மா" என்பார். "குண்டு விழுகிற வரைக்கும்" என்ற வாசகம் எப்படி வந்திருக்கும் என்று அந்தப் பிளவின் மேல் நின்றபோது புரிந்தது. கோட்டை 1698இல் விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

அந்த மராட்டியத் தொடர்பினால்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று 12 சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் இடம்பிடித்தது. மற்ற 11ம் மகாராஷ்டிரம்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், கஜானா, மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. கோயிலில் மூலவர் இல்லை. காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. கிழக்கே பார்த்து நின்றேன். வயல், ஏரி, பனை, திரும்பவும் வயல். "கடல் தெரியுதாடா?" என்றேன். "வெயில்ல தெரியாது. ஆனா ஆறு போவுது பாரு, சங்கராபரணி. இந்தச் செஞ்சி மலைங்க பக்கம் பொறந்து வில்லியனூர் வழியா நம்ம ஊர்லதான் கடல்ல விழுது" என்றான். நான் எத்தனையோ தடவை ஆரியப்பாளையம் பாலத்தில் அந்த ஆற்றைத் தாண்டியிருக்கிறேன். செஞ்சி ஆறு என்று அதற்கு இன்னொரு பேர் உண்டு என்பதும் தெரியும். பேரை வாயால் சொன்னதே தவிர மனசு கவனிக்கவில்லை.

தேசிங்கு ராஜாவைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். டீக்கடை, பட்டறை, மளிகை எல்லாம் அவர் பேர்தான். உண்மைப் பெயர் தேஜ் சிங். அப்பா ஸ்வரூப் சிங், புந்தேலா ராஜபுத்திரர். முகலாயர்கள் கோட்டைக்கு வைத்த தலைவர். அப்பா இறந்ததும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி வரியைக் கேட்டார், மகன் கொடுக்கவில்லை. 1714 அக்டோபரில் சண்டை. செத்தபோது வயது 22 என்பார்கள். ஆண்டது பத்து மாசம். இத்தனை நூற்றாண்டு ஆண்டவர்களில் ஜனங்கள் பாட்டுக் கட்டி வைத்துக்கொண்டது இந்தப் பத்து மாசக்காரரைத்தான். கிருஷ்ணப்ப நாயக்கர் இத்தனை கட்டினாரே, அவர் பேரில் ஒரு டீக்கடை உண்டா? எங்கள் அம்மா நெல் குத்தும்போது தேசிங்கின் பாராசாரிக் குதிரை வருகிற இடத்தைப் பாடுவாள். குதிரைக்குத்தான் பாட்டே என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன்.

இறங்குவதுதான் கொடுமை. முழங்கால் படிக்குப் படி பேசியது. தைலமும் இல்லை.

கீழே வந்து வெள்ளரிப்பிஞ்சுக்கு மிளகாய்த்தூள் தடவித் தின்றுகொண்டே செட்டிகுளத்துக்குப் போனோம். தேசிங்கின் உடலை எரித்தது இந்தக் கரையில்தான், ராணி உடன்கட்டை ஏறியதும் இங்கேதான் என்று சொல்கிறார்கள். ராணியின் நினைவாக நவாப் உண்டாக்கியதுதான் ராணிப்பேட்டையாம். வென்றவரே பேர் வைத்திருக்கிறார். கோட்டைக்குள்ளே அவர் கட்டிய மசூதியும் இருக்கிறது, 1717-18 என்று பாரசீகக் கல்வெட்டோடு. எச்சிலில் பாரசீகக் கல்வெட்டைத் துடைத்துப் பார்க்க ஒரு பையன் முயன்றான், தம்பி அதட்டி நிறுத்தினான்.

கடைசியாக வெங்கடரமணர் கோயில். இதைப் பற்றி நாளன்றைக்குப் புதுச்சேரியில் எழுத வேண்டியிருக்கும் என்பதால் நின்று பார்த்தேன். கோபுர வாசலுக்குள் நுழைகிற நடையில் இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகச் சிற்பம். பாற்கடல் கடைவது, நரசிம்மர், ராமாயணம். ஒரு கட்டத்தில் அசுரர்கள் பக்கம் கயிற்றை இழுக்கிற கடைசி ஆள் கால் வழுக்கிப் பின்னால் சாய்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. தம்பி, "அது கல் பேந்ததுக்கா" என்றான். இருக்கட்டும். எனக்கு வழுக்கினதுதான்.

உள்ளே விசாலமான பிராகாரம், ஆள் நடமாட்டம் இல்லை, புல். இங்கிருந்த உயரமான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. 70 கிலோமீட்டர். மாட்டு வண்டி. ஒரு தூணுக்கு எத்தனை ஜோடி மாடு கட்டியிருப்பார்கள்? தம்பி கணக்குப் போட ஆரம்பித்து, பிறகு பசிக்கிறது என்று விட்டுவிட்டான்.


நான்காம் நாள், சனி இரவு, முத்தியால்பேட்டை

இன்று சுருக்கம். கால் வீங்கியிருக்கிறது.

கிருஷ்ணகிரி ரோட்டுக்கு வடக்கே. நேற்றைய மலையில் பாதிகூட இருக்காது, கூட்டமும் இல்லை. நான் கால்வாசி ஏறி ஒரு நிழலில் உட்கார்ந்துகொண்டேன், தம்பி தனியாகப் போனான். கீழே வந்து சொன்னதை எழுதுகிறேன். மேலே குவிமாடம் போட்ட கொலு மண்டபம், சன்னலில் உட்கார்ந்துகொள்ள இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்தால் ராஜகிரி முழுசாகத் தெரிகிறது, காற்று தாலாட்டுகிறது. பாறையில் குழித்த எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று இரண்டைக் காட்டுகிறார்கள். "நீ வராதது நல்லதுக்கா, அங்கயே தூங்கிட்டேன்" என்றான். அரை மணிக்கு மேல் நான் கீழே காய்ந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

பிறகு சிங்கவரம். செஞ்சியிலிருந்து நாலு கிலோமீட்டர். மலைமேல் பல்லவர் குடைந்த கோயில், பாறையோடு பாறையாக 24 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிற ரங்கநாதர். கோட்டைக்குள் பார்த்த பெருமாள் கோயிலெல்லாம் வெறுமையாகக் கிடக்க, இங்கே மட்டும் விளக்கு, துளசி, தீர்த்தம். தேசிங்கு சண்டைக்குப் போகுமுன் இங்கே வந்து உத்தரவு கேட்டாராம். சாமி போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டினார். முகம் திரும்பித்தான் இருக்கிறது. "சாமி சொல்லியும் கேக்கலையே" என்று பக்கத்தில் ஒரு அம்மாள் சலித்துக்கொண்டாள், சொந்த மகனைச் சொல்கிற மாதிரி.

திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. தம்பி மனைவி வாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். மூன்று நாள் பரோட்டாவுக்குப் பிறகு அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.


ஐந்தாம் நாள், ஞாயிறு இரவு, கடலூர் பஸ்ஸில்

சாயங்காலம் ஆறு மணிக்குப் பீச் ரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ரோடு முழுக்க ஜனம்தான். நானும் தம்பியும் நொண்டி நொண்டி காந்தி சிலைக்குப் போனோம்.

சின்ன வயசிலிருந்து வந்த இடம். காந்தி நடுவில், சுற்றி எட்டுத் தூண். பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டு அந்தத் தூணில் சாய்ந்து நின்று எடுத்த படம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. எனக்கு எட்டு வயசு, இரட்டைப் பின்னல், பின்னால் தூண் பாதி. தூண் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு அப்பாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று கிட்டே போய் உள்ளங்கையை வைத்தேன். முந்தாநாள் வெங்கடரமணர் கோயிலில் தொட்ட அதே கரடு. கருஞ்சாம்பல் கல். ஒல்லியாக, உயரமாக, நடுநடுவே சதுரம் விட்டு அதில் சின்னச் சின்ன உருவம். உப்புக்காற்று கண், மூக்கைத் தின்றுவிட்டது. ஒரு உருவத்துக்குக் கை தூக்கியிருப்பது மட்டும் தெரிகிறது, எதற்குத் தூக்கினது என்று தெரியவில்லை.

முன்பு இவற்றின் நடுவே இருந்தது டூப்ளே சிலை என்பார்கள். செஞ்சியைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது புதுச்சேரி கவர்னர் அவர்தான். பிடித்துக் கொடுத்தது அவருடைய தளபதி புஸ்ஸி, ராத்திரியோடு ராத்திரியாக. அவர் பேரில் இங்கே ஒரு வீதி இருக்கிறது. பத்து வருஷத்தில் எல்லாம் போயிற்று. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. எங்கள் கடலூர்க் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலாக இந்த ஊரை அவர்கள் இடித்தார்கள். ஏப்ரலில் செஞ்சியும் போனது. டூப்ளேயை இப்போது பீச் ரோட்டின் தெற்குக் கோடியில் பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்கள். தூண்கள் இங்கேயே நின்றுவிட்டன. கிரயமும் இல்லை, தானமும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் கைமாறிய சொத்து. தேவனாம்பட்டினத்துக்காவது குண்டு விழுந்த கணக்கு ஒன்று இருக்கிறது.

"திருப்பிக் குடுத்துடலாமாக்கா?" என்றான் தம்பி.

"யாருக்குடா? எந்த வாரிசு வருவான்?"

ஒவ்வொரு தூணாகச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது தூணடியில் ஒரு குழந்தை ஐஸ்கிரீமைத் தடவி வைத்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், சேலம் பக்கத்துப் பேச்சு. "அக்கா, எங்க எல்லாரும் விழற மாதிரி ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று அந்த அம்மா போனை நீட்டினாள்.

நான் நாலடி பின்னால் போய், தூண் உச்சி வரைக்கும் வருகிற மாதிரி போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"தூண்தாங்க்கா நெறைய விழுந்திருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து, தூண் இல்லாம, காந்தி மட்டும் தெரியற மாதிரி எடுங்களேன்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.